பிரமிடைக் கட்டியவர்கள் யார்? உலக வரலாறு தேடும் குழந்தைக்கு ஏற்ற இணைய வழி எது?

பத்து வயதைத் தாண்டிய ஒரு குழந்தை, பள்ளிப் பாடத்துக்கு வெளியே எகிப்தையோ சீனத்தையோ பற்றிக் கேட்கத் தொடங்கினால், பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது கைப்பேசியை எடுத்துக் கொடுப்பதுதான். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கைப்பேசிக்குள் காணொளி, கலைக்களஞ்சியம், அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்கள், நிலப்படம், கணினி விளையாட்டு, கேட்டால் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் குழந்தை எதிலும் நிலைக்காது. எதை முதலில் வைப்பது, எதைத் துணைக்கு வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்வதற்காகவே இந்த ஒப்பீடு. வீட்டில் ஒரு கைப்பேசியோ பழைய மடிக்கணினியோ இருக்கிறது, வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது, சந்தா கட்டும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, குழந்தை தமிழைச் சரளமாகவும் ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறியும் படிக்கும் என்ற நிலையை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்குப் பொதுவான ஒரு கேள்வி வேண்டும். கிசாவில் உள்ள பெரிய பிரமிடைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்வியை எல்லா வழிகளிலும் கேட்டுப் பார்க்கலாம். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இதற்கு மிக நல்ல பதிலும் இணையத்தில் கிடைக்கிறது, மிக மோசமான பதில்களும் கிடைக்கின்றன என்பதுதான். பிரமிடுகளுக்குத் தெற்கே தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரின் எச்சங்களும், அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுமனைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய கல்லறைகள் 1990-இல் கண்டறியப்பட்டன. மன்னனின் பிரமிடுக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிய அடிமைகள் என்று சொல்வது கடினம். 2013-இல் செங்கடல் கரையிலுள்ள வாடி அல்-ஜர்ஃப் என்னும் இடத்தில் பியர் தாலே தலைமையிலான குழு கண்டெடுத்த பாப்பிரஸ் (நாணல்வகைச் செடியால் செய்த பழங்காலத் தாள்) ஏடுகளில், மேரர் என்ற நடுத்தர அதிகாரி, தன் குழுவினருடன் துராவில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கிசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்துவைத்திருக்கிறார். அது அந்தப் பிரமிடுக்குரிய கூஃபு மன்னனின் காலத்திலேயே எழுதப்பட்டது. இவ்வளவு நேரடியான சான்று இருக்கும்போது, ஒரு குழந்தை சவுக்கடிக் கதையுடனோ வேற்றுக்கிரகவாசிக் கதையுடனோ திரும்பி வந்தால், குறை குழந்தையிடம் இல்லை. நாம் காட்டிய வழியில் இருக்கிறது.

காணொளியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். யூடியூபின் பெரிய பலம் தமிழ். எகிப்து, ரோம், மாயா நாகரிகம் என எதைத் தேடினாலும் தமிழில் பேசும் ஒருவர் கிடைப்பார். ஆங்கிலம் தடையாக இருக்கும் குழந்தைக்கு இது சிறிய உதவியன்று. பிரமிடின் அளவையும் பாலைவனத்தின் வெறுமையையும் அசையும் படம் காட்டுவதுபோல எழுத்து காட்டாது. ஆனால் நமது கேள்வியைத் தட்டச்சு செய்தால், மர்மம், புதிர், விஞ்ஞானிகள் மறைத்த உண்மை என்ற தலைப்புகள்தான் பெரும்பாலும் மேலே வந்து நிற்கின்றன. பேசுபவர் எதைப் படித்துவிட்டுப் பேசுகிறார் என்பதைக் குழந்தையால் அறிய முடியாது. பெரியவர்களுக்கே அது எளிதன்று. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. காணொளியின் வேகத்தை நிர்ணயிப்பது பார்ப்பவர் அல்லர். சந்தேகம் எழும் நொடியில் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. அது முடிந்ததும் அடுத்த காணொளி வந்துவிடுகிறது. கேள்வி கேட்கும் பழக்கம் வளர வேண்டிய இடத்தில் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் வளர்கிறது. ஆகவே காணொளியைக் கொடுப்பதானால், பெற்றோர் முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்த ஒன்றைக் கொடுத்து, தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவைப்பது நல்லது. கான் அகாடமி இந்த வகையில் ஒரு விதிவிலக்கு. 2008-இல் சல்மான் கான் தொடங்கிய இந்த இலாப நோக்கற்ற தளத்தில் விளம்பரம் இல்லை. உலக வரலாறு ஒழுங்கான பாட வரிசையாக இருக்கிறது. இடையிடையே வாசிப்பும் பயிற்சி வினாக்களும் உண்டு. ஆனால் அது பாடமாகவே நடப்பதால், பள்ளி முடிந்து வந்த பதினொரு வயதுக் குழந்தைக்கு இன்னொரு பள்ளியாகத் தோன்றக்கூடும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அதை நம்பிக் கொடுக்கலாம்.

கலைக்களஞ்சியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. ஒரு பெயரையோ ஆண்டையோ சரிபார்க்க அது போதும். எனினும் கட்டுரைக்குக் கட்டுரை ஆழம் வேறுபடுகிறது. ஒன்று முழு நூல்போல விரிந்தால், அடுத்தது நான்கு வரியில் முடிந்துவிடும். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் படிக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியவில்லை. இன்றைய எந்தத் தளத்திலும் காண முடியாத தெளிவான, குழந்தைக்கு நேராகப் பேசும் தமிழ் அதில் இருக்கிறது. ஆனால் அது 1970-களோடு நின்றுவிட்டது. தொழிலாளர் கல்லறைகளும் மேரரின் ஏடும் அதில் இருக்க வாய்ப்பே இல்லை. பழைய பக்கத்தையும் புதிய கண்டுபிடிப்பையும் அருகருகே வைத்துக் காட்டினால், வரலாறு எழுதி முடிக்கப்பட்ட ஒன்றன்று என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். தமிழ்நாடு அரசின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் பண்டைய நாகரிகங்கள் பற்றிய பாடம் இருக்கிறது. அரசின் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைப்பதால், தமிழ்ப் பெயர்களுக்கும் கலைச்சொற்களுக்கும் அதைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ளலாம்.

என் கணக்கில் முதலிடம் அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களுக்குத்தான். அங்கே பொருள் அசையாமல் நிற்கிறது. குழந்தை வேண்டும் மட்டும் பார்க்கலாம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் மேகெட்ரே என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் தீப்ஸ் நகரில் வாழ்ந்த ஓர் உயர் அதிகாரி அவர். அவருடைய கல்லறையின் ஒரு சிற்றறையில், வெளியார் யாரும் தொடாத நிலையில், வண்ணம் தீட்டிய மரப் பொம்மைத் தொகுதிகள் 1920-இல் கிடைத்தன. ஒரு பகுதி கெய்ரோவில் இருக்கிறது, மறுபகுதி நியூயார்க்கில். நவராத்திரிக் கொலுவில் செட்டியார் கடையும் பூங்காவும் வைப்பதுபோல, ஒரு பொம்மைத் தொகுதியில் தானியக் களஞ்சியம், ஒன்றில் அடுமனையும் பீர் வடிக்கும் இடமும், வேறு சிலவற்றில் படகுகள். களஞ்சியத் தொகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஆட்கள் மூட்டையோடு நிற்க, எழுத்தர்கள் தரையில் அமர்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பது தெரியும். அடுமனையில் ஆட்கள் மாவரைக்கிறார்கள், பிசைகிறார்கள். இவை கூஃபுவின் பிரமிடுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. எனவே நமது கேள்விக்கு நேர்ப்பதில் இல்லை. ஆனால் கல்லை இழுத்தவர்களுக்குச் சோறு போட்டது யார், அதைக் கணக்கு வைத்தது யார் என்ற அடுத்த கேள்வியை ஒரு குழந்தையின் வாயிலிருந்து வரவழைக்க இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் மேரரின் ஏட்டைச் சொன்னால், அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

எல்லா அருங்காட்சியகத் தளங்களும் ஒன்றுபோல இல்லை என்பதால் அவற்றுக்குள்ளும் தேர்வு தேவைப்படுகிறது. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் 2011-இல் 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கியது. இன்று உலகெங்கும் உள்ள அருங்காட்சியகங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் தனிச்சிறப்பு, தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்கள். வியன்னாவில் உள்ள, பீட்டர் புரூகல் 1560-இல் வரைந்த சிறுவர் விளையாட்டுகள் ஓவியத்தை அதில் திறந்து, குழந்தையிடம் விட்டுவிடலாம். இருநூறுக்கும் மேற்பட்டோர் எண்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகளை ஒரே தெருவில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இடது கீழ் மூலையில் இருவர் எலும்புத் துண்டுகளை வைத்து நம்மூர் ஐந்தாங்கல்லுக்கு உறவான ஆட்டம் ஆடுகிறார்கள், முன்னால் வளையம் உருட்டுகிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறார்கள், பம்பரம் சுற்றுகிறார்கள். ஒரு வரி ஆங்கிலம்கூடப் படிக்காமல் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஐரோப்பா என்பது அரசர்களும் போர்களும் மட்டுமன்று என்பதும் புரிந்துவிடும். இந்தச் செயலியின் குறை, அது எப்போதும் அடுத்ததைக் காட்டிக்கொண்டே இருப்பது. முகப்புப் பக்கத்தில் குழந்தையை விட்டால் விரல் தள்ளிக்கொண்டே போகும். குறிப்பிட்ட ஓர் ஓவியத்தின் பக்கத்தைத் திறந்து கொடுத்தால்தான் நிற்கும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தளம் வேறு வகை. அழகு குறைவு, விவரம் அதிகம். ரொசெட்டாக் கல்லின் பக்கத்தில் அதன் காலம் கி.மு. 196 என்பதும், ஒரே ஆணை எகிப்தியச் சித்திர எழுத்திலும் மக்கள் வழக்கு எழுத்திலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதும் இருக்கும். 1799-இல் பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்த அந்தக் கல்லைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் சாம்போலியோன் 1822-இல் எகிப்திய எழுத்தைப் படித்தறிந்த கதையைக் குழந்தைகள் விரும்பிக் கேட்பார்கள். ஆனால் கல்லின் பக்கவாட்டில் நான்காவதாக ஓர் எழுத்தும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: 1801-இல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது என்றும், மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வழங்கியது என்றும் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எகிப்திலிருந்து எடுத்த ஒன்றை இங்கிலாந்து மன்னர் எப்படி வழங்க முடியும் என்று குழந்தை கேட்டால், மறைக்காமல் பேச வேண்டும்.

அந்தப் பேச்சை முன்னெடுக்கவே டிஜிட்டல் பெனின் என்ற தளத்தைப் பரிந்துரைக்கிறேன். இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் அரசின் தலைநகரை 1897-இல் பிரிட்டிஷ் படை சூறையாடியபோது அரண்மனையின் வெண்கலச் சிற்பங்களும் தந்த வேலைப்பாடுகளும் உலகெங்கும் சிதறின. 20 நாடுகளில் 131 நிறுவனங்களிடம் இருக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை 2022-இல் ஒரே தளத்தில் சேர்த்திருக்கிறார்கள். எந்தப் பொருள் எந்த நகரத்தில் இருக்கிறது என்பதை நிலப்படத்தில் பார்க்கலாம். பொருள்களுக்கு அந்த மக்களின் எடோ மொழிப் பெயர்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பிற தளங்களில் வைத்திருப்பவர் பேசுகிறார். இங்கே இழந்தவரின் குரலும் கேட்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இது கனமாக இருக்கலாம், அதற்கு மேல் இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

இந்த வழியின் உண்மையான தடை ஆங்கிலம். அருங்காட்சியக விளக்கங்கள் பெரியவர்களுக்கான ஆங்கிலத்தில் இருக்கின்றன. உலாவியின் மொழிபெயர்ப்பு வசதி தமிழுக்கும் வேலை செய்கிறது. நடை கரடுமுரடாக இருந்தாலும் காலம், இடம், பொருள் என்ற மூன்றையும் பிடித்துக்கொள்ள அது போதும். பள்ளி ஒப்படைப்புக்குப் படம் தேவைப்பட்டால் மெட்ரோபாலிட்டன் 2017-லும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020-லும் பல லட்சம் படங்களை யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டன. ஸ்மித்சோனியன் தொடக்கத்தில் வெளியிட்டவை மட்டும் 28 லட்சம்.

நிலப்படத்தைத் தனி வழியாகக் கருதாமல் அருங்காட்சியகத்தோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். கூகுள் எர்த்தைத் திறந்து கிசாவைக் கண்டுபிடித்து, நைல் ஆற்றின் மறுகரையில் துராவைக் காட்டினால், மேரரின் படகு போன வழி புரிந்துவிடும். அப்படியே கிழக்கே நகர்ந்து செங்கடல் கரையைத் தொட்டுத் தெற்கே இறங்கினால் குசெய்ர், அதற்கும் தெற்கே பெரெனிகே. நம் குழந்தைகளுக்கு இங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ரோமப் பேரரசுக் காலத்துத் துறைமுகமான பெரெனிகேயில், கோயில் ஒன்றில் புதைந்திருந்த இந்தியத் தாழியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அங்கும் குசெய்ர் அல்-காதிமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன; சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து சரக்கேற்றிய கப்பலைப் பற்றிய ஒப்பந்தம் எழுதிய பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது. பிரமிடு கட்டி இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்திய செய்திகள் இவை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழமையும் ஒரே காலம் என்று நினைப்பது குழந்தைகள் மட்டுமே செய்யும் பிழையன்று.

அந்தப் பிழைக்குக் கணினி விளையாட்டுகள் நன்றாகவே துணைபோகின்றன. அசாசின்ஸ் கிரீட் விளையாட்டைத் தயாரித்த யூபிசாஃப்ட் நிறுவனம், சண்டைகளை நீக்கிவிட்டு எகிப்தைச் சுற்றிப் பார்க்க மட்டும் ஒரு பதிப்பை 2018-இல் வெளியிட்டது. பின்னர் கிரேக்கத்துக்கும் வைக்கிங்குகளுக்கும் அதுபோல வந்தன. தெருவில் நடக்கலாம், படகில் போகலாம், விளக்கவுரையோடு பிரமிடுக்குள் நுழையலாம். (பழைய சிலைகளின் நிர்வாணத்தைச் சிப்பி வைத்து மறைத்திருந்தார்கள், வரலாற்றைக் கற்பிக்க வந்த பதிப்பில் இது ஒரு வேடிக்கை.) கண்ணுக்கு இதைவிட விருந்து கிடையாது. ஆனால் அதில் நாம் காண்பது கிளியோபாட்ரா காலத்து எகிப்து; பிரமிடுகள் அப்போதே பழங்கால அதிசயங்கள். கட்டியவர்களை அங்கே தெருவில் சந்திக்க முடியாது. விலையும் உண்டு, வலுவான கணினியும் வேண்டும். அதற்காகப் புதிதாகச் செலவழிப்பது தேவையில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் கிசா தளமும், அரசி மூன்றாம் மெரெசாங்கின் கல்லறைக்குள் சுற்றிவர 2020-இல் எகிப்திய அரசு திறந்துவைத்த முப்பரிமாண உலாவும் இலவசமாகவே அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. சாதாரண மடிக்கணினியிலும் பார்க்கலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் இறந்தகாலம் சார்ந்தவை. இன்றைய பண்பாடுகளை அறியக் காணொளிகளையே நம்பினால், திருவிழா, விநோத உணவு, விசித்திர வழக்கம் என்று மற்றவர்கள் காட்சிப்பொருள்களாகிவிடுகிறார்கள். அதற்கு மாற்றாக ஸ்வீடனின் கேப்மைண்டர் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட டாலர் ஸ்ட்ரீட் தளத்தைச் சொல்லலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள வீடுகளை ஒளிப்படமெடுத்து, நாட்டின்படி அல்லாமல் மாத வருமானத்தின்படி ஒரு தெருவாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அடுப்பு, படுக்கை, பல்துலக்கி, பிள்ளைகளுக்குப் பிடித்த பொம்மை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து உலகம் முழுவதும் ஒப்பிடலாம். ஒரே வருமானமுள்ள இந்திய வீட்டு அடுப்பும் ஆப்பிரிக்க வீட்டு அடுப்பும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைக் கண்டபின் அந்நியம் என்ற எண்ணம் தளர்ந்துவிடும். படிக்க வேண்டியது மிகக் குறைவு என்பதால் எட்டு வயதுக் குழந்தைக்கும் பொருந்தும். பாட்டு, வழிபாடு, மொழி ஆகியவற்றை வருமானக் கண்ணாடி காட்டாது. அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை நான் கடைசியில் வைக்கிறேன். தமிழில் கேட்டால் தமிழில் சொல்கின்றன, சலிக்காமல் விளக்குகின்றன. சரியாகச் சொல்லும் அதே தொனியில் தவறையும் சொல்வதுதான் சிக்கல். மேரர் எழுதியதாகத் தாமே இயற்றிய வரியைக் கொடுத்தாலும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. அருங்காட்சியகப் பக்கத்தின் விளக்கத்தை அப்படியே கொடுத்து, பதினொரு வயதுக்காரருக்குப் புரியும் எளிய தமிழில் சொல்லச் சொன்னால் பயன் உண்டு. மூலம் கண்முன் இருப்பதால் சரிபார்க்கவும் முடியும். மூலமில்லாமல் நேரடியாக வரலாறு கேட்பதை, ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வரும்வரை தள்ளிப்போடலாம்.

ஆகவே பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் புரூகலின் ஓவியத்தையும் டாலர் ஸ்ட்ரீட்டையும் திறந்து கொடுங்கள். பதினொன்று முதல் பதின்மூன்று வரை ஒரு வாரத்துக்கு ஒரே அருங்காட்சியகப் பொருள், கூடவே நிலப்படம், பெயரைச் சரிபார்க்கத் தமிழ் விக்கிப்பீடியா. பன்னிரண்டு வயதிலிருந்தே டிஜிட்டல் பெனினைச் சேர்த்துக்கொள்ளலாம். பதின்மூன்றுக்கு மேல் கான் அகாடமி. காணொளியை அந்தப் பொருளைப் பார்த்த பிறகு காட்டினால், பேசுபவர் தவறும் இடத்தைக் குழந்தையே சுட்டிக்காட்டும் வாய்ப்பு இருக்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார முடியாத வாரங்களில் கைப்பேசியைவிட அச்சுப் பாடநூலே மேல். கட்டணச் செயலிகளின் விளம்பரங்கள் வரத்தான் செய்யும். மேலே சொன்ன இலவசத் தளங்களில் ஓரிரு மாதம் பழகியபின் குழந்தை எதைத் தேடி அவற்றில் கிடைக்காமல் திரும்புகிறது என்று கவனியுங்கள். அந்தக் குறையை அச்செயலி தீர்த்துவைத்தால் மட்டும் பணம் கட்டலாம். இருக்கும் பணத்தில் எதையாவது வாங்கியே தீர வேண்டுமென்றால், சந்தாவைவிடப் பெரிய திரைதான் என் தேர்வு. களஞ்சியத்து எழுத்தர் மடியில் வைத்திருக்கும் பலகை ஐந்தங்குலத் திரையில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.